இணையக் கடையின் காசு மேசை
கிராமிய உற்பத்திக் குழுக்களுக்கான ஒரு பாடம்

விளைவிப்பது ஒரு வேலை. விளைந்ததை விற்று, அதற்குரிய காசை முழுமையாகக் கையிற் பெறுவது வேறொரு வேலை. சொந்தக் காணியை விட்டு வந்து, அயலாரின் காணியைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது வேலையே பெரும்பாடாக இருக்கிறது. மிளகாயைச் சந்தைக்குக் கொண்டுபோனால் தரகர் சொல்வதே விலை. வேண்டாம் என்று திரும்பக் கொண்டுவருவதற்கு வாகனக் கூலி கையில் இராது. ஆகையினாலேயே மகளிர் குழுக்களும் இளைஞர் குழுக்களும் மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, மோர்மிளகாய், முருங்கையிலைத் தூள், மொட்டைக்கறுப்பன் அரிசி ஆகியவற்றைக் கைத்தொலைபேசி மூலமும் இணையத்தளம் மூலமும் நேரடியாக விற்க முயல்கின்றன. இது வரவேற்க வேண்டிய முயற்சியே.

இம்முயற்சிகளில் ஒரு பொதுக் குறை உண்டு. போத்தலுக்கு நல்ல சுட்டுத்துண்டு ஒட்டுகிறார்கள்; படத்தையும் அழகாக எடுக்கிறார்கள். காசு வாங்கும் இடத்தை மாத்திரம் எவரும் யோசித்து அமைப்பதில்லை. வாங்க வந்தவர் பொருளைத் தெரிவுசெய்த பின்னர், தமது பெயரையும் விலாசத்தையும் கொடுத்து, பணத்தைச் செலுத்தி, பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு வெளியேறும் வரையிலான பகுதியை ஆங்கிலத்தில் 'செக்கவுட்' என்பர். நாம் அதனைக் காசு மேசை என்றே அழைப்போம். பேமார்ட் என்னும் டென்மார்க் நாட்டு ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்திருப்பதன்படி, இணையக் கடைகளிற் கூடையில் இடப்படும் பொருட்களில் 100 இற்கு ஏறத்தாழ 70 கூடைகள் காசு கொடுபடாமலே கைவிடப்படுகின்றன. எல்லாரும் வாங்கும் எண்ணத்துடன் வந்தவர்கள் அல்லர்; சும்மா பார்க்க வந்தவர்களும் அதில் அடங்குவர். ஆயினும் வாங்க வந்து மேசையடியில் மனம் மாறித் திரும்பியவர்களும் அதில் நிறைய உண்டு.

சங்கக்கடையை நினைத்துப் பாருங்கள்

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையை அறியாதவர் எம்மிடையே இல்லை. நிவாரண அட்டையோடு அதன் வாசலில் வரிசையில் நின்ற தலைமுறை நாம். அங்கே ஒருவர் அட்டையைப் பார்த்துத் துண்டு எழுதுவார். இன்னொருவர் காசை வாங்கி லாச்சியில் இடுவார். மூன்றாமவர் துண்டைப் பார்த்துப் பொருளை நிறுத்துக் கொடுப்பார். வரிசை நீளுகிறது என்று நாம் முணுமுணுத்ததுண்டு. ஆனால் மூன்று வேலையும் மூவரிடம் இருந்தமையால் ஒருவர் விட்ட பிழையை மற்றவர் காண முடிந்தது.

இணையக் கடையிலும் இதே மூன்று வேலைகளே உள்ளன. துண்டு எழுதுவது எமது இணையத்தளம். நிறுத்துப் பொதிசெய்து அனுப்புவது எமது குழு. காசு வாங்குவதோ எமது வேலை அன்று. அதனை வங்கியிடமோ, மத்திய வங்கியின் மேற்பார்வைக்கு உட்பட்ட கொடுப்பனவு நிறுவனமொன்றிடமோ ஒப்படைக்க வேண்டும். இந்தப் பிரிவினையை மனத்திற் பதித்துக்கொண்டால் மேற்கொண்டு நான் எழுதப்போகும் அனைத்தும் இலகுவாக விளங்கும். எளிமை வேறு, பாதுகாப்பு வேறு என்று கணனி தெரிந்த பிள்ளைகள் சிலர் பேசுவதுண்டு. சிறிய கடைக்கு அவை இரண்டும் ஒன்றேயாகும். கேளாத தகவலை எழுதும் சிரமம் வாங்குபவருக்கு இல்லை; அதனைத் தொலைக்கும் ஆபத்து எமக்கும் இல்லை.

எதைக் கேட்பது, எதை விடுவது

முகாம் வாழ்வில் நாம் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டவர்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்கள், 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தவர்கள், 2009 இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்கு வந்தவர்கள் எல்லாரும் 'நிரந்தர விலாசம்', 'தற்காலிக விலாசம்' என்ற இரண்டு கட்டங்களுக்கு முன்னால் பேனையைப் பிடித்தபடி நின்றவர்களே. நிரந்தரம் என்று எதை எழுதுவது? மரத்தடியைத் தற்காலிகம் என்று எழுதலாமா? படிவத்தை அமைத்தவர் எம்மை நினைத்து அமைக்கவில்லை என்பது அப்போது எமக்கு நன்கு விளங்கியது. இப்பொழுது படிவம் அமைப்பவர்கள் நாமே.

முதலாவதாக, கடையில் கணக்குத் திறந்து இரகசியச் சொல் வைத்தால்தான் வாங்கலாம் என்று எவரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். அமெரிக்காவைச் சேர்ந்த ஜாரெட் ஸ்பூல் என்னும் ஆய்வாளர் 2009 இல் எழுதிய ஒரு சம்பவம் இத்துறையிற் பலரும் அறிந்தது. ஒரு பெரிய இணையக் கடையில் காசு மேசைக்கு முன்னால் 'பதிவு செய்க' என்றொரு பொத்தான் இருந்தது. அதனை எடுத்துவிட்டு, பதிவு தேவையில்லை என்ற சிறு குறிப்புடன் 'தொடர்க' என்ற பொத்தானை வைத்தார்கள். வாங்கி முடித்தவர்களின் தொகை 45 வீதத்தால் உயர்ந்தது. முதலாண்டில் மாத்திரம் 30 கோடி டொலர் மேலதிக விற்பனை என்று அவர் எழுதினார். 'நான் உங்களோடு உறவு கொள்ள வரவில்லை, பொருள் வாங்க வந்தேன்' என்ற கருத்திலேயே அங்கே வாங்குவோர் பேசியிருக்கிறார்கள். ஒரு கிலோ ஒடியல் மா வாங்க வருபவரும் அப்படித்தான் நினைப்பார்.

பெயரைக் கேட்கும் கட்டம் ஒன்றே போதும். வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்து 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டாகப் பிரித்து வைக்கிறார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து எழுதும் எமக்கு எது குடும்பப்பெயர்? ஓர் எழுத்தை மாத்திரம் போட்டால், பெயர் மிகக் குறுகியது என்று சில தளங்கள் மறுத்துவிடுகின்றன. தேசிய அடையாள அட்டை இலக்கம் மிளகாய்த்தூள் விற்பதற்கு ஒருபோதும் தேவைப்படாது. பிறந்த திகதியும் தேவையில்லை. மின்னஞ்சல் இருந்தால் எழுதட்டும். இல்லாவிட்டால் தொலைபேசி இலக்கம் போதும்.

விலாசத்தில் அதிகம் கவனம் வேண்டும். எமது பகுதிகளில் வீட்டிலக்கம் இல்லாத வீடுகள் பல. ஒழுங்கைக்குப் பெயரிராது. யாழ்ப்பாணத்தின் தபாற் குறியீடு 40000 என்பது எத்தனை பேருக்கு ஞாபகம்? அதனைக் கட்டாயக் கட்டமாக வைத்தால் மனிதர் அங்கேயே நின்றுவிடுவார். ஊர், மாவட்டம், அருகிலுள்ள சந்தி அல்லது கோயில் அல்லது பாடசாலை, தொலைபேசி இலக்கம் ஆகிய நான்கும் இருந்தால் பொதியைக் கொண்டுவருபவர் வந்துசேர்வார். 'வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு குறிப்பு' என்று ஒரு கட்டம் வையுங்கள். எம் மக்கள் அதில் மிகத் தெளிவாக எழுதுவார்கள்.

இன்னுமொன்று. எமது கடைகளிற் காசு கொடுப்பவரும் பொருளைப் பெறுபவரும் பல வேளைகளில் ஒருவரல்லர். ரொறன்ரோவில் இருக்கும் மகன் கிளிநொச்சியில் இருக்கும் தாய்க்கு அனுப்புவார். எனவே 'பணம் செலுத்துபவர்', 'பொருளைப் பெறுபவர்' என இரண்டு பகுதிகள் வேண்டும். இருவரும் ஒருவரே என்றால் ஒரு தடவை தொட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போகும் வசதியும் இருக்கட்டும். மகனுடைய தொலைபேசி இலக்கம் கனடாவுக்குரியது. 07 என்று தொடங்கும் பத்து எண்களையே ஏற்பேன் என்று தளம் அடம்பிடிக்கலாகாது. தாய்க்குப் போகும் பொதியினுள் விலைச்சீட்டை வைப்பதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்பளிப்பாக அனுப்புபவர் அதை விரும்பமாட்டார்.

எழுதியதிற் பிழை இருந்தால் 'தவறான உள்ளீடு' என்று சிவப்பு எழுத்தில் அதட்டுவதில் ஒரு பயனுமில்லை. 'தொலைபேசி இலக்கத்தில் ஓர் எண் குறைகிறது' என்று அந்தக் கட்டத்துக்கு அருகிலேயே சொல்ல வேண்டும். அதுவரை எழுதிய மற்றவை அழிந்துபோகாமல் இருக்க வேண்டும். ஒரு பிழைக்காக முழுப் படிவத்தையும் மறுபடி நிரப்பச் சொல்லும் தளத்துக்கு ஒருவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

விலை

கூடையைக் கைவிடுவோர் கூறும் காரணங்களில் முதலிடம் பெறுவது, இறுதியில் வந்து சேரும் மேலதிகச் செலவு என்று மேற்சொன்ன நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டுகின்றன. பொருள் 1000 ரூபா, அனுப்புகூலி 450 ரூபா என்றால், மொத்தம் 1450 ரூபா என்பதை விலாசம் கேட்பதற்கு முன்னரே சொல்லிவிடுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் கூலி வேறுபட்டால் மாவட்டத்தை மாத்திரம் முதலிற் கேட்டு மொத்தத்தைக் காட்டலாம். கடைசிப் பொத்தானில் 'சமர்ப்பி' என்று எழுதாமல் '1450 ரூபாவைச் செலுத்துக' என்று எழுதுங்கள்.

நிறுவையிற் கல்லை மாற்றும் வியாபாரியை விவிலியம் பல இடங்களிற் கண்டிக்கிறது. ஒரே பையிற் பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கல் வைத்திருப்பதை இணைச்சட்ட நூல் தடைசெய்கிறது. இணையக் கடையிலும் இரண்டு எடைக்கற்கள் உண்டு. பத்து நிமிடத்தில் தள்ளுபடி முடிகிறது என்று ஓடும் கடிகாரம் ஒன்று. பக்கத்தைப் புதிதாகத் திறந்தால் அது மறுபடியும் பத்திலிருந்து ஓடும். முன்னரே சரி அடையாளம் இடப்பட்ட சின்னக் கட்டம் மற்றொன்று. சில குழுக்களில் 'சிறுவர் கல்விக்கு 100 ரூபா நன்கொடை' என்ற கட்டத்துக்கு இவ்வாறு முன்னரே அடையாளமிட்டு வைக்கும் யோசனை வருகிறது. நான் அதனை ஏற்பதில்லை. நல்ல காரியத்துக்காகவும் ஒருவரின் பையில் அவர் அறியாமற் கை வைக்கலாகாது. கட்டம் இருக்கட்டும், அடையாளத்தை அவரே இடட்டும்.

அட்டை இலக்கம் எம் கைக்கு வரக்கூடாது

போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் உறவினருக்கு அனுப்பிய செய்தித்தாள்கள் திறந்த கடிதங்கள். வழியில் எவரும் வாசிக்கலாம் என்பது தெரிந்தே சுகசேதியை மாத்திரம் எழுதினோம். பாதுகாப்பில்லாத இணையத்தளத்தில் எழுதுவதும் அப்படிப்பட்ட திறந்த கடிதமே. தகவலை இடைவழியில் எவரும் வாசிக்காதபடி மறைகுறியாக்கி அனுப்பும் முறை வந்த பின்னரே இணையத்தில் அட்டை மூலம் வாங்குவது நடைமுறையானது. 1994 ஆகஸ்ட் 11 ஆம் திகதி அமெரிக்காவில் நெற்மார்க்கெற் என்னும் இணையக் கடையில் ஸ்ரிங் என்ற பாடகரின் இறுவட்டொன்றை ஒருவர் இவ்வாறு கடனட்டை மூலம் வாங்கினார். மறைகுறியுடன் நடந்த முதல் இணைய விற்பனைகளில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

இன்று தள முகவரியின் தொடக்கத்தில் 'எச்.ரி.ரி.பி.எஸ்.' என்று இருந்தால் கடிதம் உறையில் இடப்பட்டுள்ளது என்று பொருள். எமது கடைக்கு அது கட்டாயம் வேண்டும். இதற்கான சான்றிதழை இலவசமாகவே பெறலாம். ஆனால் உறை ஒட்டப்பட்டுள்ளது என்பதனால் அதைப் பெறுபவர் நேர்மையானவர் என்றாகிவிடாது. கள்ளத் தளங்களும் இந்த உறையைப் பயன்படுத்துகின்றன. பூட்டுப் படத்தைக் கண்டவுடன் மக்கள் ஏமாந்து நம்பியமையால், கூகுளின் குரோம் உலாவி 2023 இல் அந்தப் பூட்டுப் படத்தையே நீக்கிவிட்டது.

சரி, உறைக்குள் வரும் அட்டை இலக்கத்தை நாம் வைத்திருக்கலாமா? கூடாது. பார்க்கவே கூடாது. 'காசைச் செலுத்துக' என்ற பொத்தானைத் தொட்டவுடன் வாங்குபவர் எமது தளத்தை விட்டு வங்கியின் அல்லது கொடுப்பனவு நிறுவனத்தின் பக்கத்துக்குப் போக வேண்டும். அட்டை இலக்கத்தை அங்கே எழுதுவார். அவருடைய வங்கி, கைத்தொலைபேசிக்கு ஒருமுறைக் குறியீட்டை அனுப்பியோ வேறு வழியிலோ அவரை உறுதிசெய்யும். அதன்பின் எமது தளத்துக்குத் திரும்பி வருவார். எமக்குக் கிடைப்பது 'இந்தக் கட்டளைக்கு 1450 ரூபா கிடைத்தது' என்ற செய்தி மாத்திரமே. இந்தச் சேவைக்குப் பொதுவாக 100 ரூபாவுக்கு மூன்று ரூபாவை ஒட்டிய தொகை கழிக்கப்படும். அதிகம் என்று முகஞ் சுழிப்பவர்கள் உளர். லாச்சியைக் காவல் காக்கும் கூலி அது என்று கொள்ளுங்கள். பெரும்பாலும் வணிகப் பெயர்ப் பதிவும் அப்பெயரில் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அட்டை வழங்கும் நிறுவனங்கள் 2004 டிசம்பரில் வெளியிட்டுக் காலத்துக்குக் காலம் திருத்தி வரும் பாதுகாப்பு நியமம் ஒன்று உண்டு. அட்டையின் பின்புறத்திலுள்ள மூன்று இலக்கங்களைக் கொடுப்பனவு அனுமதிக்கப்பட்ட பின்னர் எந்தக் கடையும் சேமித்து வைக்கக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. ஆனால் எம்மவரில் சிலர் வட்ஸ்அப்பில் அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பும்படி வாடிக்கையாளரைக் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்துடன் கேட்பதாகவே இருக்கலாம். அந்தப் படம் குழுத் தலைவியின் தொலைபேசியிலும், அதைத் திருத்தக் கொடுக்கும் கடையிலும், அவருடைய பிள்ளை விளையாட எடுக்கும்போதும் அங்கேயே கிடக்கும். ஒருமுறைக் குறியீட்டைத் தொலைபேசியில் கேட்டு வாங்குவது இதைவிட மோசமானது. அதைக் கேட்பவன் கள்வன் என்று வங்கிகள் மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கையில், நாமும் கேட்டால் எம்மை எவ்வாறு வேறுபடுத்தி அறிவார்கள்?

பெரிய நிறுவனங்களுக்கே நேர்ந்ததைப் பாருங்கள். 2018 இல் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில், பயணச்சீட்டு வாங்குவோர் அட்டை இலக்கத்தை எழுதும் பக்கத்திற் கள்வர்கள் சில வரி நிரலைச் சேர்த்துவிட்டார்கள். 22 வரிகள் என்று அதை ஆராய்ந்தவர்கள் கூறினர். பக்கம் முன்போலவே தோன்றியது, சீட்டும் கிடைத்தது; ஆனால் எழுதிய அட்டை விபரத்தின் பிரதி ஒன்று கள்வரின் தளத்துக்கும் போனது. அதன் முகவரியும் விமான நிறுவனத்தின் பெயரைப் போலவே இருந்தது. வெளியார் ஒருவர் அறிவித்த பின்னரே நிறுவனம் அதை அறிந்தது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளரின் தகவல்கள் ஆபத்துக்குள்ளாகின. பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம் 2020 ஒக்டோபரில் 2 கோடி பவுண் அபராதம் விதித்தது.

ஒரு விமான நிறுவனத்தாற் காக்க முடியாத பக்கத்தை எமது குழுவாற் காக்க முடியுமா? அட்டை எழுதும் கட்டத்தை எமது தளத்தில் வையாதிருப்பதற்கு இதைவிட வேறு நியாயம் வேண்டியதில்லை. அத்துடன், காசு மேசைப் பக்கத்தில் விளம்பரம், மினுங்கும் படம், உரையாடற் பெட்டி என்று பிறர் எழுதிய நிரல்களை ஒட்ட வேண்டாம். அவை ஒவ்வொன்றும் பின்வாசல். மேற்சொன்ன நியமமும் 2025 மார்ச் 31 இலிருந்து, அட்டை விபரம் எழுதப்படும் பக்கத்தில் இயங்கும் நிரல்களுக்குப் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கிறது.

படம் பணமாகாது

அட்டை இல்லாதவர்கள் வங்கிக் கணக்குக்குப் பணத்தை மாற்றிவிட்டு அதன் சீட்டைப் படமாக அனுப்புவார்கள். எமது பகுதியில் நடக்கும் ஏமாற்று இங்கேயே அதிகம். பழைய சீட்டின் திகதியை மாற்றுவது தொலைபேசியில் இரண்டு நிமிட வேலை. எனவே படத்தைப் பார்த்துப் பொதியை அனுப்பாதீர்கள். குழுவின் கணக்கிற் பணம் வந்துள்ளதா என்று பார்த்த பின்னரே அனுப்புங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் தளம் ஓர் இலக்கம் கொடுக்கட்டும்; பணம் அனுப்பும்போது அந்த இலக்கத்தைக் குறிப்பில் எழுதும்படி கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரே நாளில் வந்த இரண்டு 1450 ரூபாக்களில் எது யாருடையது என்று தலையைப் பிய்க்க நேரிடும்.

'லங்கா கியூ.ஆர்.' சதுரமும் நல்ல வழியே. ஆயினும் அச்சிட்டு ஒட்டிய சதுரத்தின் மேல் வேறொருவர் தமது சதுரத்தை ஒட்டிவிடலாம். கண்காட்சிகளில் விற்கும்போது காலையும் மாலையும் ஒருமுறை நீங்களே அதைப் பிடித்துப் பார்த்து, யாருடைய பெயர் வருகிறது என்று உறுதிசெய்யுங்கள்.

பொருளைப் பெறும்போது காசு கொடுக்கும் முறை எம் பெற்றோருக்கு வி.பி.பி. தபாலாகத் தெரிந்தது. வாங்குபவர் எம்மை அறியாத நிலையில் அவருக்கு அதுவே நம்பிக்கையானது. ஆனால் வாங்காமல் திருப்பிவிட்டால் போக்குவரத்துக் கூலி இரண்டும் எம் தலையில் விழும். முதல் நாள் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்தால் இந்த நட்டம் பெரிதும் குறையும்.

தொடர்பு அறுந்தால்

வன்னியின் உட்கிராமங்களில் இருப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை. காசைச் செலுத்திய கணத்தில் அலை போய்விடும். செலுத்தப்பட்டதா இல்லையா என்று தெரியாமல் மறுபடி பொத்தானைத் தொடுவார். இரண்டு முறை காசு போய்விடும். இதைத் தடுக்கும் வழி தளத்தை அமைப்பவரின் கையில் உள்ளது. ஒரு கட்டளை இலக்கத்துக்கு ஒரு தடவைதான் பணம் எடுக்கலாம் என்று அவர் அமைக்க வேண்டும். பொத்தானை ஒருமுறை தொட்டவுடன் அது செயலிழந்து, 'பொறுத்திருங்கள்' என்று காட்ட வேண்டும்.

தளம் அமைத்துத் தரும் இளைஞரிடம் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கணனி தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். இவை கணக்குக் கேள்விகள். 'வாங்குபவர் நன்றிப் பக்கத்துக்கு வந்துவிட்டார் என்பதை வைத்துக் காசு வந்ததாகக் கொள்கிறாயா, அல்லது கொடுப்பனவு நிறுவனம் நேரடியாக அனுப்பும் செய்தியைச் சரிபார்க்கிறாயா?' இரண்டாவதே சரி. நன்றிப் பக்கத்தின் முகவரி தெரிந்தவர் காசு கொடாமலே அங்கு வந்துவிடலாம். 'விலையை எங்கே கணக்கிடுகிறாய்?' வாங்குபவரின் திரையிலிருந்து வரும் தொகையைத் தளம் அப்படியே நம்பினால், கெட்டிக்காரன் ஒருவன் 1450 ஐ 14 ஆக மாற்றி அனுப்புவான். விலைப்பட்டியலைப் பார்த்துத் தளமே மீண்டும் கூட்ட வேண்டும். சங்கக்கடையில் துண்டை வாடிக்கையாளரா எழுதினார்?

கொடுப்பனவு முடிந்தவுடன் குறுந்தகவலாகவோ மின்னஞ்சலாகவோ பற்றுச்சீட்டு போக வேண்டும். கட்டளை இலக்கம், பொருள், தொகை, எப்போது வரும், யாரை அழைப்பது என்பன அதில் இருக்கட்டும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இத்தகைய பதிவுகளுக்குச் சட்ட மதிப்பு அளிக்கிறது. அட்டைக்குரியவர் தாம் வாங்கவில்லை என்று தமது வங்கியிடம் முறையிட்டால், பணம் எமது கணக்கிலிருந்து திருப்பி எடுக்கப்படலாம்; அப்போது பொதியைப் பெற்றவரின் கையொப்பமே எமக்குச் சாட்சி.

திறப்பு யாரிடம்?

ஊரில் கணனி படித்த தம்பி ஒருவர் அன்போடு தளத்தை அமைத்துத் தருவார். தள முகவரியை அவருடைய பெயரிலேயே பதிவார். இரகசியச் சொல் அவருக்கு மாத்திரமே தெரியும். ஒரு நாள் அவர் வெளிநாடு போய்விடுவார். பிறகு கடை இருக்கும், திறப்பு இராது. எனவே முகவரி குழுவின் பெயரில் இருக்க வேண்டும். புள்ளி எல்.கே. முகவரியோ, 2010 முதல் எமக்குக் கிடைத்துள்ள 'புள்ளி இலங்கை' என்ற தமிழ் முகவரியோ, எதுவாயினும் பதிவுத்தாள் குழுவின் கோவையில் இருக்கட்டும். நிர்வாகப் பகுதிக்குள் நுழைய ஒவ்வொருவருக்கும் தனித்தனி இரகசியச் சொல்லும், தொலைபேசி மூலமான இரண்டாவது உறுதிப்படுத்தலும் வேண்டும். பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கின் இலக்கத்தை மாற்றுவதற்கு இருவர் சம்மதம் தேவை. காசோலையில் இருவர் கையொப்பமிடும் வழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே உண்டு.

வாடிக்கையாளரின் பெயர்ப் பட்டியல் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டியல்கள் என்ன செய்யும் என்பதை எமது மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எந்த வீட்டுக்கு எந்த நாட்டிலிருந்து மாதந்தோறும் பொருள் வருகிறது, அந்த வீட்டில் வயோதிபத் தாய் தனியே இருக்கிறாரா, ஒழுங்கையில் எத்தனையாவது படலை என்பதெல்லாம் எமது கட்டளைப் பதிவில் இருக்கின்றன. கள்வனுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. அதனைக் கொப்பியில் எழுதி மேசையில் விடாதீர்கள். அடுத்த குழுவுக்கு 'உதவியாக' கொடுக்காதீர்கள். நிதி தரும் நிறுவனம் அறிக்கைக்குக் கேட்டால் எண்ணிக்கையைக் கொடுங்கள், பெயர்களைக் கொடுக்க வேண்டாம். கணக்குக்கு வேண்டிய காலம் முடிந்ததும் விலாசங்களை அழித்துவிடுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மிஞ்சிய தகவலைச் சேகரிக்கக் கூடாது, தேவைக்கு மிஞ்சிய காலம் வைத்திருக்கக் கூடாது என்ற அடிப்படையிலேயே ஆக்கப்பட்டுள்ளது.

திறப்பதற்கு முன்

கடையைப் பகிரங்கப்படுத்துவதற்கு முன்னர், இணையத்தில் ஒருபோதும் வாங்கியிராத ஒருவரை அழைத்து அவர் கையில் ஒரு சாதாரணத் தொலைபேசியைக் கொடுங்கள். குழுவில் உள்ள மூத்த அம்மா ஒருவர் நல்லவர். அலை குறைந்த இடமாகப் பார்த்து இருத்தி, 100 ரூபாவுக்கு ஒரு சிறு பொதியை வாங்கச் சொல்லுங்கள். அருகில் இருங்கள், வாய் திறவாதீர்கள். 'இதை அமத்துங்கோ அம்மா' என்று சொல்ல மனம் உந்தும். சொல்லாதீர்கள். அவருடைய விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடத்தைத் திருத்திவிட்டு வேறொருவரை இருத்துங்கள். ஐந்து பேர் வாங்கிப் பார்ப்பதற்குள் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும்.

பின்னர் அந்த 100 ரூபாவைப் பின்தொடருங்கள். குழுவின் வங்கிக் கணக்கில் எத்தனையாம் நாள் வருகிறது, எவ்வளவு கழிக்கப்பட்டு வருகிறது என்று பாருங்கள். அதன்பின் அந்தக் கட்டளையை இரத்துச் செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். அட்டையில் வந்த பணம் அதே அட்டைக்கே திரும்ப வேண்டும். கையிற் காசாகக் கொடுத்தால், திருடிய அட்டையைக் காசாக்கும் வழியாக எமது கடையை ஒருவன் பயன்படுத்துவான். திருப்பிய பணம் உரியவருக்குக் கிடைத்தது என்று அவர் வாயாற் சொன்ன பின்னர் கடையைத் திறவுங்கள். அந்த 100 ரூபாவின் பற்றுச்சீட்டைக் குழுவின் கணக்குக் கொப்பியில் முதற் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.